மேஸ்திரி கொடுத்த ரத்தம்

திருத்தணி
9 ஜூலை 2025, புதன் காலை

தம்பி பூபாலனுக்கு,

ஏழு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். மலைமேல் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனி என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று நீ சத்தியம் செய்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. பதினாறு வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் நான். எழுதாத ஷரத்தை எழுதியதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

விஷயம் இதுதான். ரோஜாவுக்கு உண்ணிக்காய்ச்சல். ரோஜா எங்கள் நாய், பெண். நான்கு வருஷத்துக்கு முன்பு நான் பத்திரம் எழுதும் மேஜைக்கு அடியில் வந்து படுத்தாள். சாயங்காலம் மேஜையை மடித்தபோது எழுந்து என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். இடையில் பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திங்கட்கிழமை மூத்திரம் காப்பி டிகாஷன் நிறத்தில் போனது. நேற்று உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. டாக்டர் சௌமியாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிவப்பணு நூற்றுக்கு நாற்பது இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருக்கிறதாம். கிருமிக்கு ஊசி போட்டுவிட்டார். ஆனால் அந்த ஊசி வேலை செய்து முடிக்கிற வரைக்கும் அவள் உயிரோடு இருக்கவேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு நாயின் ரத்தத்தை ஏற்றவேண்டும். அந்த வசதி இங்கே இல்லை. சென்னையில் நாய் பூனைகளுக்கென்றே இரவு பகலாகத் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனையில் உண்டு. அவர்களிடம் இந்த வாரம் ரத்த இருப்பு இல்லை. கொடுக்கிற நாயையும் நாமே கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை. எட்டு வயதுக்குள். தடுப்பூசி தவறியிருக்கக் கூடாது. உண்ணி இருக்கக் கூடாது. திருத்தணியில் பதினொரு வீடு ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் எடை சரியாக இருந்தது. நாய்க்கு வயது பதின்மூன்று. இன்னொரு வீட்டில் வயது சரியாக இருந்தது. நாய் கைப்பைக்குள் இருந்தது. கடைசியில் சௌமியாவே சொன்னார்: "கே.ஜி.கண்டிகைல ஒருத்தர் கிட்ட பெரிய நாய் ஒண்ணு இருக்குது மேடம். வருஷா வருஷம் ஊசிக்குத் தவறாம இட்டுகினு வந்துடுவாரு. பேரு பூபாலன்." அந்தப் பெயரில் ஒருவரை எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றேன்.

பால்வண்டி சுதாகர் இதைக் கொண்டுவருகிறான். சாயங்காலப் பாலோடு பதில் வரட்டும்.

அக்கா
அம்சா


கே.ஜி.கண்டிகை
9.7.25 சாயந்திரம்

திருமதி அம்சா ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. போனில் எழுதியிருக்கலாமே என்று சுதாகர் கேட்கிறான். போனில் எழுதுவது பேச்சில் சேருமா எழுத்தில் சேருமா என்பது எனக்குத் தெரியாது. சந்தேகத்தில் சத்தியத்தை வைக்க முடியாது. பேப்பரில் எழுதினால் அது எழுத்துதான்.

என் நாயின் பெயர் மேஸ்திரி. தான் ஒரு வேலையும் செய்யாமல், களை எடுக்கிறவர்களைச் சுற்றி வந்து முறைத்துக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். நெல் மூட்டை போடும் தராசில் நிறுத்தேன். முப்பத்துமூன்று கிலோ. வயது நான்கு. உண்ணி ஒன்றுகூடக் கிடையாது. மாதாமாதம் மருந்து கொடுக்கிறேன். தாங்கள் கொடுக்கவில்லை என்று தெரிகிறது.

ஆனால் ஒன்று. மோனிகாவுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். அவளுக்குத் தாய்மாமன் ஒருத்தன்தான், அது நான். அவளுக்குக் கம்மல் வாங்கத்தான் சென்னைக்குப் போனேன். திரும்பும்போது ரயிலை மணவூரில் சிக்னல் இல்லை என்று நிறுத்திவிட்டான். இறங்கி ஆட்டோ பிடித்து, மலைப்படி அத்தனையும் ஓடி ஏறி வந்தால், பெரியப்பா மகன் முரளிதரன் மடியில் என் அக்கா மகள் காது குத்திக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள். கம்மல் டப்பா என் கையில் இருந்தது. இப்போதும் பீரோவில் இருக்கிறது.

அன்றைக்கு என் மடிக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்றைக்கு என் நாயின் ரத்தம் மட்டும் எதற்கு? முரளிதரன் ஒரு நாய் வளர்க்கலாம்.

இப்படிக்கு
பூபாலன்


திருத்தணி
10 ஜூலை, வியாழன் காலை

பூபாலா,

முரளிதரனைக் கேட்டுவிட்டேன். அவனிடம் இருப்பது மீன்தொட்டி.

வாதம் வேண்டுமானால் வாதம். முகூர்த்தம் ஒன்பது இருபதோடு முடிந்தது. குருக்களுக்கு அடுத்து இன்னும் நான்கு குழந்தைகள் காத்திருந்தன. ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நைனா சொன்னார்: "அவன் வந்துகினுதான் இருக்கான், இன்னும் பத்து நிமிசம் பாருங்க." பார்த்தோம். பத்து நிமிஷம் இல்லை, இருபத்தைந்து நிமிஷம். நீ மணவூரில் நிற்கிறாய் என்று எங்களுக்குத் தெரியாது. உன் போனில் சார்ஜ் இல்லை. இதெல்லாம் ஏழு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன். கேட்கிறவன் கற்பூரத்தை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

உண்ணி மருந்து கொடுக்காதது என் தவறு. அதை ஒப்புக்கொள்ள எனக்கு முகூர்த்தம் தேவையில்லை. இரண்டு மாதம் மறந்தேன். அதன் பலனைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை சிவப்பணு பத்து. பதினாறு கிலோ நாய் வாசலுக்கு வர நான்கு இடத்தில் உட்கார்கிறது. ராஜமாணிக்கம் மாமா எல்லாரிடமும் சொல்லி ஆறுதல் வாங்கிவருகிறார். வருகிற ஆறுதல் எல்லாம் ஒரே மாதிரிதான். "தெரு நாய்க்குப் போய் இவ்ளோ அலையறியே அம்சா, வேற ஒண்ணு கெடைக்கும்" என்கிறார்கள். எதிர்வீட்டு கௌரியம்மாள் போன மாதம் மூட்டு மாற்றிக்கொண்டு வந்தபோது, வேறு ஒன்று கிடைக்கும் என்று அவர்கள் வீட்டில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

நான் அழவில்லை. அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை. வண்டி பேசியாயிற்று, சுதாகர் காலைப் பாலை இறக்கிவிட்டு வருகிறான். சென்னை மருத்துவமனையில் நாளை மதியம் ஒரு மணிக்கு இடம் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாய்க்கு இடம். ஒரு நாய்தான் கையில் இருக்கிறது.

உனக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுது.

அம்சா


கே.ஜி.கண்டிகை
10.7.25 மதியம்

அக்காவுக்கு,

சுதாகர் இரண்டாவது நடை வருகிறேன் என்று நின்றுகொண்டிருக்கிறான். அதனால் சுருக்கமாக.

என் பெண்டாட்டி பிரேமா சொல்கிறாள்: "ரத்தம் குடுத்தா நாயி துரும்பா பூடும்யா. அப்புறம் ராவுல பன்னி வந்தா யாரு குலைக்கிறது?" ஊரில் வேறு ஒரு பேச்சு. மேஸ்திரி நல்ல ஜாதி, அதன் ரத்தம் தெரு நாய்க்குச் சேருமா என்று டீக்கடையில் ஆராய்ச்சி. ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருவனுக்கும் அவன் ரத்தம் என்ன வகை என்று தெரியாது.

ஒரே வரியில் கேட்டாய். எழுதுகிறேன். தாய்மாமன் மடியில் உட்காரவைக்காதது தப்பு என்று எழுதிக் கொடு. காரணம், முகூர்த்தம், சிக்னல் எதுவும் வேண்டாம். தப்பு என்று மட்டும்.

பூபாலன்


திருத்தணி
10 ஜூலை, வியாழன், மாலை 4 மணி

உறுதிமொழிப் பத்திரம்

2025ஆம் வருஷம் ஜூலை மாதம் 10ஆம் தேதி, திருத்தணியில் வசிக்கும் ராஜமாணிக்கம் மனைவி அம்சா ஆகிய நான், கே.ஜி.கண்டிகையில் வசிக்கும் என் உடன்பிறந்த தம்பி பூபாலன் அவர்களுக்கு, என் சுயபுத்தியுடனும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும், மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்தது என்னவென்றால்:

என் மகள் மோனிகாவின் காதுகுத்தின்போது அவளை அவளுடைய தாய்மாமன் மடியில் உட்காரவைக்காதது தப்பு. மேற்படி தப்பின் பேரில் யாதொரு வில்லங்கமும் விவகாரமும் பாக்கி இல்லை. முழுத் தப்பும் என்னுடையதே. பின்னால் நானோ என் வாரிசுகளோ இது தப்பில்லை என்று வாதாடினால் அது செல்லாது.

எழுதிக்கொடுத்தவர்: அம்சா
சாட்சி 1: ராஜமாணிக்கம்
சாட்சி 2: மோனிகா (வயது 9, தன் காது சம்பந்தப்பட்டது என்பதால் தானும் கையெழுத்துப் போடுவேன் என்றாள்)

பின்குறிப்பு: மேஸ்திரிக்கு நாளைக் காலை சோறு போடாதே. தண்ணீர் கொடுக்கலாம்.


கே.ஜி.கண்டிகை
11.7.25 காலை 5.30

அக்காவுக்கு,

பத்திரம் கிடைத்தது. நீ இவ்வளவு சீக்கிரம் எழுதிக் கொடுப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பக்கம் சண்டை வரும், நானும் இரண்டு பக்கம் எழுதலாம், அப்படியே போகலாம் என்றுதான் நினைத்தேன். கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு இன்று விடியுமுன் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட முடியவில்லை. மேஸ்திரிக்கும் சோறு இல்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று சொல்லவேண்டும். புதன்கிழமை உனக்குத் திமிராக எழுதி அனுப்பிவிட்டு, அன்று சாயந்திரமே மேஸ்திரியை சௌமியா டாக்டரிடம் கொண்டுபோய் ரத்தம் பரிசோதித்துவிட்டேன். உண்ணிக்காய்ச்சல் இல்லை, எல்லாம் சரி, கொடுக்கலாம் என்றார். அதை நேற்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். ரோஜாவுக்கு ஒரு நாள் போய்விட்டது. அது என் தப்பு. எனக்குப் பத்திர நடை வராது, இதையே பத்திரமாக வைத்துக்கொள்.

சுதாகர் வண்டியில் நானும் வருகிறேன். மேஸ்திரி வேறு யார் சொன்னாலும் படுக்காது. வழியில் பேசமாட்டேன். சத்தியம் சத்தியம்தான். நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பூபாலன்


சென்னை
13 ஜூலை, ஞாயிறு

பூபாலா,

மாமா ரயிலில் ஊருக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ மேஸ்திரியோடு கிளம்பியதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

முதலில் பொருத்தம். நம் உறவில் பெண் பார்க்கிற பொருத்தத்தைவிட இது சுலபமாக இருந்தது. இரண்டு பேர் ரத்தத்தையும் ஒரு கண்ணாடித் துண்டில் கலந்து, கட்டிதட்டுகிறதா என்று பார்த்தார்கள். தட்டவில்லை. நல்ல ஜாதியும் தெரு ஜாதியும் தண்ணீர்போலக் கலந்துவிட்டன. டீக்கடைக்குத் தெரிவித்துவிடு.

ஏற்ற ஆரம்பித்து அரை மணி நேரத்தில் ரோஜாவின் முகம் வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு. உடனே நிறுத்தினார்கள். ஊசி போட்டார்கள். ரத்தப்பை பாதி நிறைந்தபடி தொங்குகிறது, குழாய் மூடியிருக்கிறது, நான் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன். இருபது நிமிஷம். முகூர்த்தத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் காத்திருந்தோம் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அது எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வீக்கம் வடிந்தது. மெதுவாக, சொட்டுச் சொட்டாக மீண்டும் தொடங்கினார்கள். கடைசிச் சொட்டுவரை உள்ளே போயிற்று.

நேற்றுக் காலை சிவப்பணு பத்தொன்பது. இன்று இருபத்தொன்று. ஆனால் இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆக்சிஜன் கூண்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சிறுநீரகம் தாங்குமா என்று நாளை மறுநாள்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். நான் இங்கேயே இருக்கிறேன். வரவேற்பு அறையில் ஒரு நாற்காலி என் பெயருக்கு ஏறக்குறைய கிரயமாகிவிட்டது.

இன்னொரு விஷயம். இங்கேயுள்ள டாக்டர் சுதா நம் இரண்டு பேருக்கும் வாய் பேச வராது என்று நினைத்திருக்கிறார். மேஸ்திரிக்குக் கடைசியாக எப்போது பூச்சிமருந்து கொடுத்தது என்று அவர் என்னைக் கேட்டார். நான் சீட்டில் எழுதி உன்னிடம் நீட்டினேன். நீ சீட்டில் பதில் எழுதி என்னிடம் நீட்டினாய். அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் சைகையில் விளக்க ஆரம்பித்தார். நீயும் தலையாட்டிக்கொண்டே இருந்தாய். ஆகையால் மேஸ்திரி கழுத்தில் ஊசியோடு துள்ளி எழுந்தபோது, நீ "யக்கா, காலைப் புடி!" என்று கத்தினாயே, அதற்கு அதிகம் அதிர்ந்தது மேஸ்திரி அல்ல, டாக்டர்தான்.

நான் காலைப் பிடித்தேன். ஏழு வருஷத்தில் நீ என்னிடம் பேசிய முதல் மூன்று வார்த்தை அது.

அக்கா


கே.ஜி.கண்டிகை
14.7.25

அக்காவுக்கு,

நான் உன்னிடம் பேசவில்லை. நாயிடம் சொன்னேன்.

மேஸ்திரி நன்றாக இருக்கிறது. வந்த அன்று ராத்திரி முழுக்கத் தூங்கியது. மறுநாள் களத்துக்கு வந்து, கூலி வேலைக்கு வந்திருந்த கங்காதரன் ஆட்களை முறைத்துக்கொண்டு நின்றது. கழுத்தில் மயிர் மழித்த இடத்தைப் பார்த்து, மலைக்கு வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆங், வேண்டுதல்தான் என்றேன். பிரேமா தினமும் முட்டை கொடுக்கிறாள். நேற்று அவளே டீக்கடைக்காரனிடம், "எங்க நாயி ரத்தம்தான் பட்டணத்துல ஓடிகினு இருக்குது, தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரோஜா சாப்பிட்டதா? சாப்பிடாவிட்டால் தயிர்சாதத்தைப் பிசைந்து உன் உள்ளங்கையில் வை. தட்டில் வைக்காதே. மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லாதபோது அப்படித்தான் சாப்பிட்டது. சாப்பிட்டதும் யார் கையிலாவது எழுதி அனுப்பு. சாப்பிடாவிட்டாலும் எழுதி அனுப்பு. இன்னொரு தடவை ரத்தம் வேண்டும் என்றால் மேஸ்திரி உடனே கொடுக்க முடியாதாம். அதனால் அரக்கோணம்வரை விசாரித்து இரண்டு நாய் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் எடை, ஊசிச் சீட்டு எல்லாம் வாங்கிவிட்டேன். ஒன்றின் சொந்தக்காரர் கொஞ்சம் முறைப்பானவர். நான் பேசிக்கொள்கிறேன்.

பூபாலன்


சென்னை
16 ஜூலை, புதன்

பூபாலா,

சாப்பிட்டாள். திங்கள் இரவு இல்லை, செவ்வாய்க் காலை இல்லை. செவ்வாய் மதியம் கூண்டுக்குள் கையை நீட்டி ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். தயிர்சாதம் காய்ந்து கையில் ஒட்டிக்கொண்டது. எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது நக்கினாள். பிறகு கையையும் சேர்த்துக் கழுவிவிட்டாள். இன்று மூத்திரம் மஞ்சள். சிறுநீரகம் தப்பித்தது. சிவப்பணு இருபத்தாறு. நாளை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார்கள். அரக்கோணத்து நாய்களுக்கு என் நன்றியைச் சொல், முறைப்பானவருக்கும்.

இனி உன் வாக்குமூலம். நாயிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மேஸ்திரி ஆண். அவனை யாரும் அக்கா என்று கூப்பிடுவதில்லை. அவனுக்கு நான்கு கால் இருந்தாலும் அதில் ஒன்றை அவனே பிடித்துக்கொள்ள முடியாது. இந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பத்திரம் எழுதினால் எந்தப் பதிவாளரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனாலும் உன் சத்தியம் உடைந்தது என்று மலைமேல் போய் நான் சாட்சி சொல்லப்போவதில்லை. நாயிடம் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம்.

இதையும் எழுதிவிடுகிறேன். சத்தியம் செய்தது நீ மட்டும்தான். நான் எதுவும் செய்யவில்லை. ஏழு வருஷமும் நான் உன்னோடு பேசியிருக்கலாம். தடை எதுவும் இல்லை. சந்தையில் உன்னை ஒன்பது தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்தது. கூப்பிட்டு, நீ திரும்பாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று காய்கறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு வீட்டில் நாய் கேட்டுக் கதவைத் தட்டியபோது அந்தக் கூச்சம் வரவில்லை. உன் வீட்டுக் கதவை மட்டும் தட்டாமல் கடிதம் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை சௌமியாவிடம் ரோஜாவுக்கு மறுபரிசோதனை. காலை பத்து மணி.

அக்கா


கே.ஜி.கண்டிகை
17.7.25

யக்காவுக்கு,

ஒன்பது தடவை இல்லை. பதினொரு தடவை. இரண்டு தடவை நான் உன்னைப் பார்த்ததை நீ பார்க்கவில்லை.

இதுதான் கடைசிக் கடிதம். சுதாகர் இனிமேல் பால் மட்டும் கொண்டுவரட்டும்; போன வாரம் பாதிப் பால் திரிந்துபோய்விட்டது, எல்லாரும் அவனை ஏசுகிறார்கள்.

நாளை பத்து மணிக்கு டாக்டர் வாசலில் மேஸ்திரியோடு நிற்பேன். கம்மல் டப்பாவைக் கொண்டுவருகிறேன். மோனிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லி அழைத்துவா. ஒன்பது வயதுக்கு மடி போதாது, இருந்தாலும் நான் உட்கார்ந்துகொள்கிறேன், கம்மலை மட்டும் என் கையால் போட்டுவிடுகிறேன்.

சத்தியத்தை நான் மீறமாட்டேன். ஆனால் ரோஜாவிடம் சொல்ல ஏழு வருஷத்து விஷயம் இருக்கிறது. நைனா கடைசியில் உன்னைப் பற்றி என்ன சொன்னார் என்பது, பிரேமாவின் ஆபரேஷன், பெரிய கிணறு வற்றியது எல்லாவற்றையும் அதன் காதில் சத்தமாகச் சொல்லப்போகிறேன். நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்.

நடுவில் நீ குறுக்கே ஏதாவது பேசினால், அதற்கு நான் பொறுப்பில்லை.

பூபாலன்